உயிர்ச்சத்துக் கட்டுரைக்குள் முருங்கை இலை வந்த கதை

கலைக்களஞ்சியக்காரருக்கு நான் முதல் கடிதம் எழுதியது ஒரு கடலாமைக்காக.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர் சேர்ந்து, மாணவர்களுக்கென்று தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். அதன் முதலாம் தொகுதி, அகரத்திலிருந்து ஈகாரம் வரை, எங்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இடைவேளையில் பசை மணம் மாறாத அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது ‘ஆமை’ என்ற கட்டுரை கண்ணில் பட்டது. கடலாமைகள் கடலடி மணலில் முட்டையிடுகின்றன என்று அதில் இருந்தது. நிலாவெளிக் கரையில் ஆமை ஏறி வந்து, மணலைக் கிண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பிப் போன தடத்தைச் சிறுவயதிலேயே பார்த்தவள் நான். அன்று பின்னேரமே எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது கடற்கரைக்குப் போய்ப் பார்க்கக்கூடாதா என்று கேட்டிருந்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. உறை தடிப்பாக இருந்தது. பதிப்பாசிரியர் தன் கையால் நாலே வரி எழுதியிருந்தார். ஆமைப் பிழையை ஏற்றுக்கொள்வதாகவும், குறை காணத் தெரிந்தவர்களுக்குத் தங்களிடம் வேலை நிறைய இருப்பதாகவும், இத்துடன் வரும் கட்டுரையைப் பார்வையிட்டுத் திருத்தி இரண்டு மாதத்துக்குள் அனுப்பும்படியும் சொல்லியிருந்தார். கூடவே மூன்று தட்டச்சுப் பக்கங்கள். தலைப்பு ‘உயிர்ச்சத்து ஏ’.

நாங்கள் வகுப்பில் சொல்வது விற்றமின் என்றுதான். உயிர்ச்சத்து என்ற சொல் ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு தொகுதிகளின் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தேன். உகரம் என்றால் அடுத்த தொகுதியிலேயே வந்துவிடும். வகரம் வரைக்கும் காத்திருந்தால் அந்தக் குழுவில் எத்தனை பேர் மிஞ்சுவார்களோ தெரியாது. உயிர்ச்சத்து என்றே இருக்கட்டும் என்று அந்தத் திருத்தத்தை மட்டும் நான் செய்யவில்லை.

அப்போது எங்கள் வீட்டில், பாலையூற்றில், என்னோடு படிப்பித்த மனையியல் ரீச்சர் ஒருவர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மூதூர்க்காரி. வெள்ளி பின்னேரம் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து ஊருக்குப் போவார், திங்கள் விடிய முதல் லோஞ்சில் வருவார். என்னைவிட மூன்று வயது இளையவர். சிரிக்கத் தொடங்கினால் நிற்பாட்டத் தெரியாத ஆள். கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். சமைத்துக்கொண்டிருந்தவர் குசினி வாசலில் நின்றபடியே மூன்று பக்கத்தையும் வாசித்து முடித்தார்.

“எல்லாம் நல்லா இரிக்கு ரீச்சர்,” என்றார். “சாப்பிடத்தான் ஒண்டுமில்ல.”

உண்மைதான். உயிர்ச்சத்து ஏ நிறைந்த உணவுகள் என்று கட்டுரை காட்டியது வெண்ணெய், பாலாடைக்கட்டி, கரட், ஏப்ரிகொட் பழம், கொட் மீனின் ஈரல் எண்ணெய். அந்த நாட்களில் வெளியிலிருந்து சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. ஒரு இறாத்தல் பாணுக்கே விடிய எழுந்து வரிசையில் நிற்கவேண்டும். கொட் மீனுக்கு எங்கே போவது?

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பந்தியை வாசித்துக் காட்டினேன். முப்பது பிள்ளைகள். இதில் எது எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். ஒருத்தியும் கை தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, “ரீச்சர், ஏப்ரிகொட் எண்டால் மரத்தில காய்க்கிறதோ, கொடியில காய்க்கிறதோ?” என்று கேட்டாள். எனக்கும் உறுதியாகத் தெரியாது. மரம் என்றுதான் நினைக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த பந்தி அதைவிட மோசம். கீரை வகைகளிலும் இச்சத்து உண்டு எனினும் சமைக்கும்போது அது முற்றாக அழிந்துவிடும், ஆகவே பச்சையாக உண்பதே சிறந்தது என்று எழுதியிருந்தது. வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி, “அப்ப எங்கட வீட்டு ஆடுதான் எங்களைவிடச் சுகமா இருக்கு ரீச்சர்,” என்றாள். அதற்குப் பிறகு மணி அடிக்கும்வரை படிப்பிக்க முடியவில்லை.

ஆனால் அந்த வசனம் எனக்குள் கிடந்து உறுத்தியது. சூட்டில் எளிதில் அழிவது உயிர்ச்சத்து சீ. ஏ அப்படியல்ல என்று பல்கலைக்கழகத்தில் படித்த ஞாபகம். அலுமாரிக்கு மேலிருந்த பழைய பாடப்புத்தகங்களை இறக்கித் தூசி தட்டித் தேடினேன். ஞாபகம் சரி. சாதாரணமாகச் சமைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. அதுமட்டுமல்ல, கீரையிலும் மஞ்சள் நிறக் காய் பழங்களிலும் இருப்பது கரோட்டின் என்ற பொருள். அதை உயிர்ச்சத்து ஏயாக மாற்றுவது நம் உடம்பு. கொழுப்போடு சேர்ந்தால்தான் அது உடம்பில் நன்றாகச் சுவறும்.

“கொழுப்பு எண்டால்?” என்றார் மனையியல் ரீச்சர்.

“எண்ணெய். தேங்காய்ப்பால்.”

அவர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். “அப்ப முருங்கை இலையைத் திருவின தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டிறதும், பூசினிக்காயைப் பால்கறி வைக்கிறதும் சரியான முறைதானே? நாங்க பச்சையாத் திண்ண வேணுமெண்டு கொழும்பில இருந்து சொல்லுறாங்களா?”

அன்றிலிருந்து இருவருமாக வேலையில் இறங்கினோம். அவர் உணவுகளைச் சொல்வார், நான் புத்தகத்தில் சரிபார்ப்பேன். முருங்கை இலை, பொன்னாங்காணி, அகத்தி, பூசினி, பப்பாசிப்பழம், மாம்பழம், முட்டை மஞ்சட்கரு, ஆட்டீரல். கொட் மீன் இருந்த இடத்தில் சுறாவைப் போட்டோம். சல்லிக் கடற்கரையில் சுறா ஈரலை உருக்கி எண்ணெய் எடுத்து வள்ளத்துக்குப் பூசுவார்கள் என்று நான் சொன்னபோது, “அதுதான் அந்த வள்ளமெல்லாம் கண் தெரிஞ்சு கல்லில முட்டாம வருகுது,” என்றார் அவர். எழுதினதெல்லாம் குசினியிலும் நடந்தது. பதினைந்து நாளில் எங்கள் வளவு முருங்கை பாதியாயிற்று. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலைபார்த்த என் கணவர் ஒருநாள் சோற்றுக்கோப்பையைப் பார்த்துவிட்டு, “கட்டுரை முந்தி முடியுமோ, மரம் முந்தி முடியுமோ?” என்று மட்டும் கேட்டார்.

கட்டுரையின் கடைசிப் பந்தி மாலைக்கண்ணைப் பற்றியது. அந்தச் சொல்கூட அதில் இல்லை. ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி, நம் நாட்டில் இந்நோய் இப்போது அரிதாகிவிட்டது என்று முடித்திருந்தார்கள். நாங்கள் இருவரும் அந்த வசனத்தில் கை வைக்கவில்லை. நல்ல செய்திதானே என்று விட்டுவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை மனையியல் ரீச்சர் என்னையும் மூதூருக்குக் கூப்பிட்டார். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம், இன்னும் வந்து பார்க்கவில்லையே என்றார். கட்டுரையையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். லோஞ்சு துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் அவருடைய உம்மாவும் தங்கச்சியும் குழந்தையும் இருந்தார்கள். தங்கச்சியின் புருசன் தோப்பூரில் வயல் வேலைக்குப் போயிருந்தார். தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மெலிந்து, வெளிறிப்போயிருந்தாள். ஆனால் அக்காவைக் கண்டதும் ‘ராத்தா’ என்று கூப்பிட்டு முகம் நிறையச் சிரித்தாள். நாங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். குழந்தை என் மடியில். பொழுது சாய்ந்து, உம்மா விறாந்தையில் விளக்கைக் கொளுத்தி வைத்தார். எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி முற்றத்தின் நடுவில் தயங்கி நின்றாள். காலால் நிலத்தைத் தடவித் தடவி இரண்டு அடி வைத்தாள். வழியில் இருந்த தண்ணீர்க் குடத்தில் முட்டினாள். குடம் உருண்டது. தேத்தண்ணி முழுக்க மணலில்.

“நித்திரை இல்ல அவளுக்கு,” என்றார் உம்மா. “புள்ளப் பெத்த உடம்பு. களைப்பு.”

தங்கச்சி குனிந்து கோப்பையைத் தேடினாள். கோப்பை அவள் காலடியிலேயே கிடந்தது. அவளுடைய கை அதன் இரண்டு பக்கத்திலும் மணலைத் துழாவியது. நான் மனையியல் ரீச்சரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் எழுந்து போய்த் தங்கச்சியின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார்.

“எத்தன நாளா இப்படி?”

“எப்படி ராத்தா?”

“பொழுதுபட்டாக் கண் தெரியாம.”

அவள் கையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பிறகு, “புள்ள கிடைக்க முந்தியே கொஞ்சம் இருந்த. இப்ப கூட,” என்றாள். “மாலைக்கண் எண்டு சொன்னா ஊரில கதைப்பாங்க. கண் தெரியாதவள் புள்ளய எப்படிப் பாக்கிற எண்டு மாமி வீட்டில கேப்பாங்க. அதான் சொல்லல்ல. மஹ்ரிப் தொழுகைக்கு முந்தி எல்லா வேலையும் முடிச்சிருவன்.”

பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. கர்ப்பமாக இருந்தபோது மாதக்கணக்கில் சத்தி. ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு பத்தியம். கீரை குளிர், பூசினி வாதம், பப்பாசி சூடு, ஈரல் மந்தம் என்று எல்லாவற்றையும் உம்மா நிறுத்திவிட்டார். மூன்று மாதமாகச் சோறும் மிளகுதண்ணியும் ஒரு துண்டுக் கருவாடும். உம்மா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தன் பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்ற பயம்தான்.

நான் பையிலிருந்து மூன்று தட்டச்சுப் பக்கத்தையும் எடுத்து, விளக்குக்குக் கிட்டப் போய் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் திருத்தங்களோடுதான் வாசித்தேன். முருங்கை, பொன்னாங்காணி, பூசினி, பப்பாசி, ஈரல் என்று வந்தபோது உம்மாவின் முகம் மாறியது. தான் மறித்ததெல்லாம் வரிசையாக நிற்கிறதே என்ற திகைப்பு.

“இது யார் எழுதின?” என்று கேட்டார்.

“கொழும்பில பெரிய ஆக்கள், உம்மா,” என்றார் மூத்த மகள், கண்ணை இமைக்காமல்.

விடிந்ததும் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி நிதானமான மனிதர். தங்கச்சியின் கண்ணை இழுத்துப் பார்த்தார், கேள்விகள் கேட்டார். கண்ணுக்குச் சேதம் ஒன்றும் இல்லை, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், மாறிவிடும் என்றார். குளிசை கொடுத்து, எத்தனை, எப்போது என்று இரண்டு தரம் சொன்னார்.

“அப்ப கீரை குடுக்கலாமா ஐயா?” என்று உம்மா கேட்டார்.

“குடுக்கலாமா எண்டில்லை. குடுக்க வேணும்.”

“இந்தக் குளிசையை ரெண்டு மடங்காக் குடுத்தா ரெண்டு மடங்கு கெதியா மாறுமா?”

“மாறாது. இந்தச் சத்து உடம்பில தங்கி நிக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு. கறி எவ்வளவும் குடுங்கோ. குளிசை நான் சொன்ன அளவுதான்.”

நான் அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்துக் கட்டுரையின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் அந்த எச்சரிக்கை இல்லை. பிறகு, வெளியே மர வாங்கில் இருந்து, ‘நம் நாட்டில் அரிதாகிவிட்டது’ என்ற வசனத்தைச் சிவப்பால் வெட்டினேன். பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது.

ஒரு கிழமை கழித்து வந்த திங்கள் மனையியல் ரீச்சர் லோஞ்சால் இறங்கி நேரே பாடசாலைக்கு வந்தார். நான் வகுப்பில் நின்றேன். வாசலில் நின்று கையைக் காட்டினார். வெளியே போனேன்.

“நேத்துப் பொழுதுபட வேலியில ஒரு ஆடு,” என்றார். “புள்ளட துணியை இழுத்துத் திண்டிட்டு நிக்குது. நானும் காணல்ல, உம்மாவும் காணல்ல. அவள் கண்டுட்டாள். விறாந்தையில இருந்து எழும்பி ஓடினவள் ஓடினவள்தான். குடத்தைத் தாண்டி, வாளியைத் தாண்டி, வேலிமட்டும் ஓடி ஆட்டைப் பிடிச்சிட்டாள்.”

“துணி?”

“துணி போயிட்டு. போனாப் போகட்டும்.”

நாங்கள் இரண்டு பேரும் நடைபாதையில் நின்று சிரித்ததில் அதிபரே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். என்ன சங்கதி என்று கேட்டார். ஆடு என்றேன். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கிழமையே உட்கார்ந்து கட்டுரையை முழுதாகத் திருப்பி எழுதினோம். மூன்று பக்கம் நாலரைப் பக்கமாயிற்று. ஆங்கிலப் பெயர் இருந்த இடத்தில் மாலைக்கண் என்று எழுதினோம். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் இதை மறைக்கக்கூடாது என்றும், பத்தியம் என்று கீரையை நிறுத்தக்கூடாது என்றும் சேர்த்தோம். காபன் தாள் வைத்து நான் எழுத, மனையியல் ரீச்சர் ஒவ்வொரு வசனத்தையும் உரக்க வாசித்துப் பார்த்தார். அவருக்கு மூச்சு முட்டிய இடத்தில் வசனத்தை இரண்டாக உடைத்தோம். அவருடைய உம்மாவுக்கு விளங்குமா என்பதுதான் எங்கள் அளவுகோல்.

பதிப்பாசிரியரின் பதில் கடுமையாக இருந்தது. கலைக்களஞ்சியம் சமையற் குறிப்பு நூல் அன்று என்று தொடங்கியிருந்தார். தேங்காய்ப்பாலுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருந்தார். சமைப்பதால் இச்சத்து அழியாது என்பதற்கு ஆதாரம் எங்கே என்றும் கேட்டிருந்தார். நான் இரண்டு நாள் கோபமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் புத்தகத்தின் அந்தப் பக்கங்களை, நூற்பெயர் பக்க எண்ணோடு, ஒரு எழுத்தும் விடாமல் கையால் பிரதி செய்தேன். கீழே மனையியல் ரீச்சர் தன்னுடைய கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘ஐயா, உங்கள் வீட்டில் கீரையைப் பச்சையாகவா உண்கிறீர்கள்?’ அதை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏலாது என்றுவிட்டார்.

பத்து நாளில் அடுத்த கடிதம் வந்தது. பிரிக்கவே பயமாக இருந்தது.

“அன்புடையீர்,” என்று மனையியல் ரீச்சர் உரக்க வாசித்தார். “பிரதிகள் கிடைத்தன. தாங்கள் சொல்வதே சரி. அந்தப் பந்தியை எழுதியவன் நானே. ஏயையும் சீயையும் மாற்றிக் குழப்பிவிட்டேன். வெட்கத்துடன் ஏற்றுக்கொள்கிறேன். தேங்காய்ப்பால் இருக்கட்டும். சகோதரியின் கேள்விக்கு விடை: இல்லை, என் மனைவி பருப்புச் சேர்த்துச் சமைப்பார். அதைக் கட்டுரையில் சேர்க்க இடமிருக்கிறதா?”

கடிதத்தை அவர் நாலாக மடித்து உறைக்குள் வைத்தார். “பாவம் ரீச்சர், நல்ல மனுசன்,” என்றார் பிறகு. பருப்பையும் சேர்த்தோம்.

இரண்டாம் தொகுதி வர ஒன்றரை வருடத்துக்கு மேலாயிற்று. பாடசாலைக்கு ஒன்று அனுப்பியிருந்தார்கள்; எங்கள் இருவருக்கும் உரியவை பிறகு வருமாம். கட்டுரையின் கீழ் ஒருவருடைய பெயரும் இல்லை. எல்லாக் கட்டுரையும் அப்படித்தான். ஆனால் பக்கத்தின் நடுவில் ஒரு பூசினிக்காயின் படம், அரைவாசி வெட்டியது, மஞ்சள் மையில் அச்சடித்திருந்தது. அந்தத் தொகுதியிலேயே நிறத்தில் வந்த படங்கள் கொஞ்சம்தான். வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை பாடசாலைப் பிரதியையே தூக்கிக்கொண்டு மூதூருக்குப் போனோம். தங்கச்சி கொழுத்திருந்தாள். பிள்ளை கோழிகளைத் துரத்திக்கொண்டு முற்றம் முழுக்க ஓடித்திரிந்தான். உம்மாவும் தங்கச்சியும் இரண்டு பக்கத்திலும் இருக்க, மனையியல் ரீச்சர் கட்டுரையை முதலிலிருந்து வாசித்தார். உம்மா ஒவ்வொரு கீரையின் பெயருக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். மாலைக்கண் பந்தி வந்தது. ‘இந்நோய் உடையவர்க்கு மாலை வேளையில் யாவும் இருளாகத் தோன்றும்’ என்று வாசித்தபோது தங்கச்சி கையை நீட்டிப் புத்தகத்தைப் பொத்தினாள்.

“அது பிழை,” என்றாள்.

“எது?”

“யாவும் இருட்டில்ல ராத்தா. விளக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்ச. விளக்குக்குப் பக்கத்தில இருக்கிற ஆள்தான் தெரியாது. நீங்க கதைக்கிறது கேக்கும். விளக்கு எரியிறது தெரியும். உங்கட முகம் மட்டும் இருக்காது.”

அந்த வசனம் பதிப்பாசிரியர் எழுதியதல்ல. நான் எழுதியது. அவளைத் தெரிந்திருந்தும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியது.

“ரீச்சரிட்ட பேனை இரிக்கா?” என்றாள் தங்கச்சி.

இருந்தது. நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று மனையியல் ரீச்சர் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து, ‘யாவும் இருளாக’ என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, ஓரத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இடம் போதாமல் பூசினிக்காயைச் சுற்றி வளைந்து போயிற்று. அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் வடிவா எழுதுங்க ரீச்சர்,” என்றாள். “புள்ளைகள் வாசிக்கிற புத்தகம்.”